முதுகில் இரண்டு சோற்றுப்பைகள்

சேதுபதிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் மேல் சொந்த முறையில் ஒரு கோபம் உண்டு. ஜாதகத்தில் அது ஏழாம் இடத்தில் வந்து சப்பணங்கொட்டி உட்கார்ந்துகொண்டதால், பார்க்கப் போன பெண் வீட்டாரெல்லாம் பலகாரம் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அவரும் அந்த முயற்சியைக் கைவிட்டார். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் கஃப் ரோட்டில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, பிராஸ் பாசா ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிச் சேர்த்த விஞ்ஞானப் பத்திரிகைகள். அடுப்பு கிடையாது. பானை சட்டி கிடையாது. ஒரு கரண்டி மட்டும் இருந்தது, அதுவும் கரப்பான் பூச்சி அடிக்க. மூன்று வேளையும் தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில்தான் பசியாறுவார்.

பிழைப்பு துறைமுகத்தில், கிரேன் ஓட்டுவது. உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைத்தால், கீழே ஒரு லோரியே திணறுகிற பாரம் பூப்போல எழும்பும். இறங்கி வந்தால் பழையபடி ஒல்லி உடம்பு, பத்துக் காத்தி, அதாவது ஆறு கிலோ, அரிசி மூட்டையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். "அந்த இரும்புக் கையை அப்படியே உடம்புல மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வர முடிஞ்சா எப்படி இருக்கும்!" என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, கேட்டுக்கொண்டிருந்த நூருல் அமீன், "மாட்டிக்கிட்டு மாடிப்படி ஏறினா மில்லுக்காரன் வாடகையை ஏத்திடுவான்" என்றார். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அமீன் யார் என்று சொல்ல வேண்டும். நாகூர்க் குடும்பம், சிங்கப்பூரிலேயே பிறந்தவர், சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் துணி அளந்து கிழிக்கிற வேலை. வாய் மட்டும் கத்திரிக்கோலைவிட வேகம். டன்லப் ஸ்திரீட்டில் மனைவி நூருன்னிசாவுடன் குடியிருந்தார். சேதுபதிக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமீன் இல்லாமல் கோப்பி குடித்தால் சேதுபதிக்கு அது தொண்டையில் இறங்காது. நோன்பு மாதம் வந்தால், பொழுது சாயும்போது நூருன்னிசா காய்ச்சிய நோன்புக் கஞ்சி ஒரு தூக்குச்சட்டியில் கஃப் ரோடு வந்து சேர்ந்துவிடும். "பகல் பூரா பசிக்காதா உனக்கு?" என்று ஒருமுறை சேதுபதி கேட்டதற்கு அமீனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நோன்பு வச்சுக்கிட்டுப் பசிக்குதுன்னு சொன்னா அதுக்குப் பேரு என்னடா? அந்தக் கேள்வியே கேக்காதே" என்றார். சேதுபதி அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மனிதன் வானத்தைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கிய செய்தி எல்லாப் பத்திரிகையிலும் அடிபட்ட காலம். 'கிழக்கொளி' என்று ஒரு வாரப் பத்திரிகை அப்போது வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர், பக்கம் நிரம்பினால் சரி என்று, 'செவ்வாய்ப்பட்டணம்' என்ற தொடர்கதைக்கு இடம் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வாரம், முறை வைத்து எழுத வேண்டும். ஊர் பொது, மனிதர்கள் பொது, அங்கே இருக்கிற தண்ணீர்க் குழாய்கூடப் பொது. எழுதியவர்கள் ஆறேழு பேர். ஃபேரர் பார்க் திடலுக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். கூட்டத்தை மேய்த்தவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியை மங்களம். அவர் இல்லையென்றால் செவ்வாய்ப்பட்டணம் இரண்டாம் வாரமே அடிதடியில் முடிந்திருக்கும்.

மங்களம் டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யாரோ ஒருவர் முந்தின வாரம் செத்தவனை எழுப்பி உட்காரவைத்து "எல்லாம் கனவு" என்று எழுதிவிட்டபோது போட்டது. "அச்சில் வந்தது நடந்தது. இல்லைன்னு சொல்ல இனி யாருக்கும் உரிமை இல்லை. கனவுன்னு எழுதுறவங்க என் மூஞ்சியில முழிக்கக் கூடாது" என்றார். எல்லோரும் கோப்பிக் குவளை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள்.

செவ்வாயில் காற்று கிடையாது, குளிர் அதிகம், பாறைகளோ பெரியவை. வெளியே போகிற வீரர்களுக்கு உடம்பெல்லாம் மூடி, தானே விசையோடு இயங்குகிற ஓர் இரும்பு உடுப்பு வேண்டும். அதை வடிவமைக்கும் பொறுப்பு இயல்பாகவே சேதுபதி தலையில் விழுந்தது. அவரும் மாலை மரியாதை கிடைத்தவர்போல அதை ஏற்றுக்கொண்டார்.

பெயரிலேயே தகராறு. "விசைக்கவசம்" என்றார் சேதுபதி.

"கவசம்னா நாடகத்துல அட்டையில வெட்டி வெள்ளிப் பேப்பர் ஒட்டுவாங்களே, அதுதான் ஞாபகம் வருது" என்றார் அமீன். "உடம்புல மாட்டுறது எதுவா இருந்தாலும் சட்டைதான். துணிக்கடையில நிக்கிறவன் சொல்றேன், கேட்டுக்க."

"விசை மிஸ்டர் சேதுபதியோடது, சட்டை மிஸ்டர் அமீனோடது. விசைச்சட்டை. அடுத்தது என்ன?" என்றார் மங்களம்.

அடுத்தது மின்சாரம். கிரேனுக்கு வருவதுபோலக் கம்பி வழியாக வரட்டும் என்றார் சேதுபதி. "செவ்வாய்ல சுவிட்சு எங்க இருக்கு? சிங்கப்பூர்ல இருந்தே வயரை இழுத்துக்கிட்டுப் போறானா உன் ஆளு?" என்று அமீன் கேட்டதும் கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். சேதுபதி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, குதிகாலில் ஒரு டைனமோவோடு வந்தார். நடக்க நடக்க மின்சாரம் ஊறும், நின்றால் வடியும். அட, அது நல்ல யோசனைதான், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு, "மூக்கு அரிச்சா என்ன செய்வான்?" என்ற கேள்வி வந்தது. தலைக்கூட்டுக்குள் விரல் நுழையாது. பாவம் சேதுபதி, கிரேனில் உட்கார்ந்தே அதை யோசித்து, ஒரு சீன நிறுவனத்தின் பீங்கான் பெட்டியைத் தவறான கப்பலில் இறக்கிவிட்டு ஏச்சு வாங்கினார். கடைசியில் கண்ணாடிக்குக் கீழே சொரசொரப்பாக ஒரு நார்த்துண்டை ஒட்டினார். வீரன் கழுத்தைத் திருப்பி மூக்கை அதில் தேய்த்துக்கொள்ளலாம். அந்த வாரம் வாசகர் கடிதங்களில் பாதி அந்த நார்த்துண்டைப் பாராட்டித்தான்.

முழங்காலில்தான் உண்மையான சண்டை மூண்டது. மடங்கவே வேண்டாம், மடங்குகிற இடம்தான் முதலில் உடையும் என்றார் சேதுபதி.

"உக்காந்து சாப்பிட வேணாமா? குந்த வேணாமா? எங்காளு தொழ வேணாமா? செவ்வாய்க்குப் போனா அஞ்சு வேளை இல்லைன்னு ஆயிடுமா?"

"கிரேன் உக்காந்து பார்த்திருக்கியா நீ?"

"அதுக்குள்ள உக்காந்திருக்கியேடா நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். சேதுபதி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது காற்றுப்பை. வீரன் மூச்சு விடுவதற்கான காற்று இரண்டு பைகளில் இருக்கும், அதை எங்கே மாட்டுவது? நெஞ்சில் என்றார் அமீன். "காசை எங்க முடிஞ்சுக்கிறோம்? இடுப்புல, கண்ணு பார்வையில. உசுரை முதுகுல கட்டிக்கிட்டு நடந்தா எவனாவது அறுத்துக்கிட்டுப் போயிடுவான்." முதுகில்தான் என்றார் சேதுபதி. "கை ரெண்டும் சும்மா இருக்கணும். முன்னால பை தொங்கினா கை குறுக்கே போகாது, பாரம் தூக்க முடியாது. பாரம் தூக்குறவனுக்குத்தான் தெரியும்."

"மேல ஏறி உக்காந்துட்டா கீழ இருக்கிறவன் எல்லாம் எறும்பாத்தான் தெரிவான்" என்றார் அமீன்.

"முழக்கோல் பிடிக்கிறவனுக்கு உலகமே முழக்கணக்குதான்" என்றார் சேதுபதி.

இரண்டுமே சொல்லியிருக்கக் கூடாத பேச்சு. சொன்ன உடனே இருவருக்கும் தெரிந்தது. ஆனால் முதலில் மன்னிப்புக் கேட்பது யார் என்பதில் ஆண்பிள்ளைகளுக்கு எப்போதுமே ஒரு முட்டாள்தனம் உண்டல்லவா? கோப்பி ஆறிப்போனது.

அறுபத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதும் முறை சேதுபதிக்கு வந்தது. யாரையும் கேட்கவில்லை, தன் இஷ்டத்துக்கு எழுதினார். முழங்கால் மடங்காது. பை முதுகில். அவருடைய வீரன் மாறன் தன்னந்தனியாக ஒரு பெரும் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கிறான். அத்தியாயம் அங்கே முடிந்தது. எழுதிய கையோடு அதைத் தானே நாலு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டார். இந்த ஒன்றிலாவது ஊர் தன்னை விஞ்ஞான எழுத்தாளர் என்று சொல்லும் என்று நம்பினார்.

'கிழக்கொளி'யில் புரூப் பார்க்கத் தனி ஆள் இல்லை. எழுத்தாளர்களே முறை வைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வாரம் அமீன் முறை. நோன்பு மாதம் வேறு. ஆனாலும் கடையில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு, பிற்பகல் வெயிலில் அச்சகத்துக்குப் போய் வாசித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. சேதுபதி கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மெதுவாக, ரசித்து விரித்தார். அதில் இப்படி இருந்தது:

"மாறனின் முதுகில் இரண்டு சோற்றுப்பைகள் இருந்தன. அவை மட்டும் இல்லையேல் அந்தப் பாழ்வெளியில் அவன் ஒரு கணமும் உயிர் வாழ முடியாது. அவற்றிலிருந்து புறப்பட்ட இரு குழாய்கள் நேராக அவனுடைய நாசிக்குள் சென்றன."

காற்றுப்பை சோற்றுப்பையாகிவிட்டது! அச்சுக் கோர்த்தவர் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அடுக்கியிருப்பார் போல. முதல் எழுத்து ஒன்றுதான் மாறியிருந்தது. ஆனால் அத்தியாயம் முழுக்க, ஒரு இடம் விடாமல் மாறியிருந்தது.

பக்கத்து மேசையில் ஒருவர் வாசித்துவிட்டுப் புரையேறி இருமினார். சேதுபதிக்குக் காது மடல் சிவந்தது. அமீன் வந்து உட்காரும்வரை காத்திருந்தார்.

"புரூப் நீதானே பார்த்தே?"

"ஆமா."

"வேணும்னே விட்டிருக்கே."

"இல்ல."

"அப்ப எப்படி விட்டே? கண்ணு தெரியலையா? ஒரு இடமா ரெண்டு இடமா, சொல்லு!"

அமீன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கண்ணை மேசையிலிருந்து எடுக்கவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் அன்றைக்கு வாயடைத்துப் போனதைப் பார்த்து, வட்டத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். மங்களம் டீச்சர் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார்: "மன்னிக்கணும், மிஸ்டர் சேதுபதி. அச்சில் வந்துடுச்சு."

அன்று மாலையும் தூக்குச்சட்டியில் கஞ்சி வந்தது. அமீனே கொண்டுவந்திருந்தார். சேதுபதி கதவைத் திறந்து, சட்டியைப் பார்த்து, ஆளைப் பார்த்து, கதவைச் சாத்தினார். படிகளில் செருப்புச் சத்தம் மெல்ல இறங்கிப் போனதைக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்ற பிறகும் எழுந்து விளக்கைப் போடவில்லை. கோபம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களைச் சொல்லி முடியாது. ஜோகூர் பாருவிலிருந்து ஒருவர், பச்சரிசியா புழுங்கலரிசியா என்று கேட்டிருந்தார். செம்பவாங்கிலிருந்து ஓர் அம்மாள், குழாய் அடைக்காமல் இருக்கக் கொஞ்சம் நெய் ஊற்றும்படி ஆலோசனை சொல்லியிருந்தார். ரசம் எந்த மூக்கில், மோர் எந்த மூக்கில் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒரு பட்டியலே அனுப்பினார்கள். திருத்தம் போடச் சொல்லிச் சேதுபதி கேட்டதற்கு, பத்திரிகை இவ்வளவு விற்றதே இல்லை, திருத்தமாவது மண்ணாவது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, "ஏய் சோத்துப்பை! இறக்கு லா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். விஞ்ஞான எழுத்தாளர் என்று யாரும் கத்தவில்லை.

அடுத்து எழுத வேண்டியவர் அமீன். "நான் எழுதல" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "அவன் கெடுத்ததை அவனே சரி பண்ணட்டும்" என்று சேதுபதியும் பேனாவைத் தொடவில்லை. மற்றவர்கள் பட்டணத்துச் சந்தை, பட்டணத்துக் கல்யாணம், பட்டணத்துத் தண்ணீர் வரி என்று சுற்றிச் சுற்றி எழுதினார்கள். மாறன் முதுகில் சோற்றோடும் நெஞ்சில் காற்றில்லாமலும், முழங்கால் மடங்காமல், அந்தப் பள்ளத்திலேயே நின்றான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றான். ஒரு வாசகர், "மாறன் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறானா?" என்று மட்டும் ஒரு தபாலட்டை போட்டிருந்தார்.

மாறனாவது பள்ளத்தில் நின்றான். சேதுபதி சிராங்கூன் ரோட்டில் எதிர்ப்புறமாக நடந்தார், ஜவுளிக்கடை வாசலைத் தாண்ட வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக. புதுச்சட்டை வேறு கடையில் வாங்கினார். அது தோளில் ஒரு மாதிரியும் வயிற்றில் ஒரு மாதிரியும் நின்றது. எங்கேயாவது சிரிப்பு வருகிற ஒன்றைப் பார்த்தால் முதலில், "இதை அமீன்கிட்ட சொல்லணும்" என்று தோன்றும், அப்புறம் ஞாபகம் வரும். அந்த நொடியில் அவர் பட்ட பாட்டை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் ஏது?

ஜூலை மாதம் ஊரில் கலவரம் மூண்டது. அதைப் பற்றி விளையாட்டாகப் பேச இந்தக் கதைக்கு வாய் கிடையாது. வானொலியில் ஊரடங்கு என்றார்கள். துறைமுகத்திலிருந்து லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட, சேதுபதி ஓட்டமும் நடையுமாக அறைக்கு வந்து கதவைத் தாழ்போட்டார். பிறகுதான் உறைத்தது. தெருமுனைச் சாப்பாட்டுக்கடை பூட்டிக் கிடந்தது. அறையில் இருந்தது கரண்டி மட்டும்.

மறுநாள் காலையில் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். ரொட்டிக் கடையில் நீளமான வரிசை. இவர் முன்னே போய்ச் சேர்வதற்குள் ரொட்டி தீர்ந்துபோய், நேரமும் முடிந்துபோனது. வெறுங்கையோடு திரும்பிக் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார். மில் ஓடவில்லை. ஆனால் வறுத்த கொத்துமல்லி வாசமும் மிளகாய் வாசமும் வருஷக்கணக்காகச் சுவரில் ஏறியிருந்ததே, அது சும்மா இருக்குமா? வெயில் ஏற ஏற மணந்தது. சேதுபதிக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கவனத்தைத் திருப்பலாம் என்று டிரங்குப் பெட்டியில் விரித்திருந்த பழைய நாளிதழை எடுத்து வாசித்தார். ஏதோ ஒரு நாட்டில் மோர் நிறுத்தம் என்று போட்டிருந்தது. சரிதான், எத்தனை நாளைக்குத்தான் ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே வாசித்தார். மோர் நிறுத்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. மோர் முனையிலிருந்து வீரர்கள் திரும்பினார்கள். ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் போட்ட மோரோடு அந்த வீரர்கள் வரிசையாக நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. எதுவுமே தப்பாகப் படவில்லை. பத்தியின் கடைசிக்கு வந்த பிறகுதான் சேதுபதி நிமிர்ந்தார். மோரா?

போர். போர் நிறுத்தம். போர் முனை. எல்லா இடத்திலும் போர் என்றுதான் தெளிவாக அச்சாகியிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. புரூப். பிற்பகல் வெயில். நோன்பு மாதம்.

"அட பாவி!" என்றார் வாய்விட்டு. அமீனைச் சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னார்.

இரண்டு வேளை தப்பினதற்கே தனக்கு நாளிதழ் முழுக்க மோர் ஓடுகிறது. விடியுமுன் சாப்பிட்டு, தண்ணீர்கூடத் தொடாமல், நாளெல்லாம் நின்று துணி கிழித்தவன் கண்ணுக்குச் சோற்றுப்பை என்று பார்த்தால் என்ன தப்பாகத் தெரிந்திருக்கும்? கேட்டபோது அவன் ஏன் வாயை மூடிக்கொண்டான் என்பதும் இப்போது புரிந்தது. நோன்பு வைத்திருந்தவன், நாலு பேர் கூடிய கோப்பிக்கடையில், பசியில் சோற்று நினைப்பாகிவிட்டது என்று எப்படிச் சொல்வான்? அதற்கு வேண்டுமென்றே செய்தவன் என்ற பெயரே மேல் என்று சுமந்துகொண்டு போய்விட்டான். சுமந்துகொண்டு போனவன் அன்று மாலையே கஞ்சியும் கொண்டுவந்தான். அவன் முகத்தில் கதவைச் சாத்தினவர் யார்?

சேதுபதி எழுந்து கதவு வரைக்கும் போனார். ஊரடங்கு. டன்லப் ஸ்திரீட் கூப்பிடு தூரம்தான், ஆனால் போக முடியாது. திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒல்லி உடம்பு முழுக்க அவமானம் சூடாக ஓடியது. காலையில் தளர்த்தியதும் முதல் வேலை அதுதான், ரொட்டி பிறகு, என்று முடிவு செய்தார்.

விடிந்து அறிவிப்பு வந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கினார். தெருவில் ஆட்கள் அவசரமாகவும் அமைதியாகவும் நடந்துகொண்டிருந்தார்கள். முக்கில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களைத் தாண்டி ஒருவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் இறக்கை விரித்ததுபோல அகலமாக வைத்துக்கொண்டு, விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டு, மார்பில் குறுக்குக் கட்டாகத் துணிவார் கட்டிக்கொண்டு, வாத்து நடை நடந்து வந்தார். நூருல் அமீன்!

பக்கத்தில் வந்ததும் அமீன் அப்படியே திரும்பி முதுகைக் காட்டினார். ஜவுளிக்கடைத் துணியில் தைத்த இரண்டு பைகள், வாழையிலைப் பொட்டலங்கள் பிதுங்க, அவர் முதுகில் தொங்கின.

"அவுத்து எடு, சூடு தாங்கல" என்றார் அமீன். "வீட்டுல அடுப்பு இல்லாத ஆளு இந்த ஊர்ல ஒருத்தன்தான், என்ன செய்றானோன்னு நூருன்னிசா ராத்திரி பூரா புலம்பினா. கையில எடுத்துட்டு வந்தா முக்குல நிறுத்திடுவாங்க. கையை நீட்டுன்னாங்க, ரெண்டையும் நீட்டினேன். நீ சொன்னது சரிதான்டா. பை முதுகுல இருந்தாத்தான் கை சும்மா இருக்கு."

சேதுபதிக்குக் கண்ணை மறைத்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "எதுக்குடா ரெண்டு பை?" என்று மட்டும் கேட்டார். "நான் ஒருத்தன்தானே?"

"அச்சுல ரெண்டுன்னுதானே வந்திருக்கு" என்றார் அமீன்.

நடுத்தெருவில், சிப்பாய்கள் பார்க்க, சேதுபதி அழுதுகொண்டே சிரித்தார். மேலே அழைத்துப்போய்த் தரையில் நாளிதழை விரித்தார். மோர் நிறுத்தம் இருந்த அதே தாள்தான். "இதை வாசிச்சுப் பாரு" என்று காட்டி, நேற்றுத் தான் என்னவாக வாசித்தார் என்பதைச் சொன்னார். அமீன் சிரிக்க ஆரம்பித்து, சேதுபதி முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அன்னிக்கு நீ நோன்பு" என்றார் சேதுபதி.

அமீன் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் தள்ளினார்.

"கேக்கக் கூடாதுன்னு நீ சொன்ன கேள்வி. கேக்கல. ஆனா நான் கதவைச் சாத்தினது தப்பு அமீனு. பெரிய தப்பு."

"சோறு ஆறுது" என்றார் அமீன். குரல் கம்மியிருந்தது. சேதுபதி சப்பணங்கொட்டி உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்ததும் பழைய குரல் திரும்பியது: "பார்த்தியா, முழங்கால் மடங்கினாத்தான் சாப்பிட முடியுது. உன் சட்டையில இருந்தா நின்னுக்கிட்டே திங்கணும், மாடு மாதிரி."

"சரி, மடக்கிடுவோம்" என்றார் சேதுபதி வாய் நிறையச் சோற்றோடு.

"இன்னொண்ணு கேளு. முக்குல அந்த மலாய்ச் சிப்பாய், முதுகுல என்னன்னு கேட்டான். 'நாசி, துவான்'னு சொன்னேன். மலாய்ல சோத்துக்கு அதுதானே பேரு? சொன்ன பிறகு நடந்துக்கிட்டே யோசிக்கிறேன். நீ என்னடா எழுதியிருக்கே? ரெண்டு குழாயும் நேரா நாசிக்குப் போகுதுன்னு! சோத்துக் குழாய் நாசிக்குத்தானேடா போகும்?"

சேதுபதிக்குப் புரையேறியது. அமீன் அவர் தலையில் தட்டினார். சிங்கப்பூரில் இருந்துகொண்டு, நாளைக்கு ஒரு தடவையாவது நாசி கோரேங் கடையைத் தாண்டிப் போகிற இரண்டு பேருக்கும் இத்தனை மாதமாக இது தோன்றவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாறன் கதையும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே முடிவானது. நேரம் முடிவதற்குள் அமீன் போக வேண்டும். மறுபடியும் கைகளை விரித்துக்கொண்டு வாத்து நடை நடந்து போனார். சேதுபதி ஜன்னலில் நின்று அவர் முக்கைத் தாண்டும்வரை பார்த்திருந்தார்.

ஆகஸ்டு மாதத்தில் அமீன் எழுதிய அத்தியாயம் வந்தது. சாமான் அறைக்காரன் குழப்பத்தில் ஒரு சட்டையில் இரண்டு பையும் சோறாகவும், இன்னொரு சட்டையில் இரண்டு பையும் காற்றாகவும் மாட்டிவிட்டான். மாறனிடம் சோறு மட்டும். அவனைத் தேடிவந்த இன்னொரு வீரன் ஹமீதிடம் காற்று மட்டும். சட்டைக்குள் தங்கியிருந்த கடைசி மூச்சில் மாறன் நின்றுகொண்டிருக்க, ஹமீது ஓடிவந்து குழாயைச் செருகுகிறான். மடங்காத முழங்காலை இருவரும் சேர்ந்து சுத்தியால் தட்டி மடக்கி, பள்ளத்திலேயே உட்கார்ந்து, ஒருவன் காற்றைக் கொடுக்க மற்றவன் சோற்றைக் கொடுக்கிறான். அன்றிலிருந்து செவ்வாய்ப்பட்டணத்தில் விசைச்சட்டை போட்டவர் யாரும் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்று சட்டம். மூச்சைப் பற்றிக் கேட்டிருந்த தபாலட்டைக்காரர், "அப்பாடா" என்று ஒரு சொல் மட்டும் எழுதி அனுப்பினார்.

அந்த ஞாயிறு கோப்பிக்கடையில் வட்டம் முழுவதும் கூடியிருந்தது. அமீன் பழைய இடத்தில், சேதுபதிக்குப் பக்கத்தில். மங்களம் டீச்சருக்கு மனம் நிறைந்திருந்தது. ஆனால் ஆசிரியை அல்லவா, விட மனசில்லை. "இப்பவாவது சொல்லுங்க. அந்தப் பிழை எப்படித்தான் வந்தது? புரூப் பார்த்தவர் எப்படி விட்டார்?" என்று கேட்டார். எல்லோரும் அமீனைப் பார்த்தார்கள். அமீன் குனிந்துகொண்டார்.

"எந்தப் பிழை?" என்றார் சேதுபதி.

"சோற்றுப்பை, மிஸ்டர் சேதுபதி. நீங்க எழுதினது காற்றுப்பைன்னு நீங்கதானே இந்த மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னீங்க?"

"கோவத்துல ஆயிரம் சொல்லியிருப்பேன். நான் எழுதினதே சோற்றுப்பைதான், டீச்சர். புரூப் பார்த்தவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அமீனுக்கு இன்னொரு கோப்பி சொன்னார்.

அதற்குப் பிறகு நோன்பு மாதங்களில் அமீன் முறை வந்தால் புரூப் பார்க்கச் சேதுபதிதான் அச்சகத்துக்குப் போனார். துறைமுகத்தில் ஓய்வு பெறும் வரைக்கும் அவரைச் சோத்துப்பை என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டேன் லா!" என்று பதில் குரல் கொடுப்பார்.